ஊசி போடுகிறவனுக்குச் சாவி கிடையாதா?

வடசென்னை கன்டெய்னர் டிரெய்லர் உரிமையாளர்களுக்கு வணக்கம்.

மணலி யார்டுகளுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே 22 ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறேன். கடைசி 6 ஆண்டுகள் இன்சுலின் போட்டுக்கொண்டு ஓட்டியவை. அதில் முதல் 4 ஆண்டுகள் என் முதலாளிக்கு விஷயம் தெரியாது. தெரிந்த அன்றே சாவியை வாங்கிக்கொண்டார்.

அவர் மீது முழுப் பழியையும் போட மாட்டேன். அன்று காலை 7 மணிக்கு ஊசி போட்டு, மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். மதியத்துக்குள் பெட்டியை இறக்கிவிட்டுக் காசிமேட்டில் சாப்பாடு என்பது கணக்கு. எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை அசையவில்லை. அங்கே சாப்பிட இறங்கினால், இறங்கிய நேரம் பார்த்துத்தான் முன் வண்டி நகரும்; பின்னால் இருப்பவன் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டான். காலையில் போடும் கலவை ஊசியில் மெதுவாக வேலை செய்யும் பகுதி, சரியாக மதியத்தில்தான் சர்க்கரையை இறக்கும். ஒன்றரை மணிக்கு, மார்கழி மாதத்தில், என் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. முன்னால் நின்ற டேங்கரின் எண் பலகையைப் படிக்கப் பார்த்தேன், எழுத்துகள் கூடவில்லை. கிளீனர் பையன் எட்டி பிரேக்கைப் போட்டுவிட்டு, டீக்கடைக்கு ஓடிச் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்தான். டேங்கருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

மாலைக்குள் செய்தி யார்டு முழுவதும் பரவியது. எங்கள் ஆட்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: வாயைத் திறக்காதே. லோடு இருக்கும் நாளில் ஊசியையே விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். சர்க்கரை ஏறினால் கண் மங்கும், அடிக்கடி சிறுநீர் முட்டும். வரிசையில் கழிப்பறைக்கு எங்கே போவது? அதனால் தண்ணீரும் குடிப்பதில்லை. அப்படிப்பட்டவர்தான் இரவு 2 மணிக்கு உங்கள் பெட்டியை ஏற்றிக்கொண்டு திருவொற்றியூர் வழியாக வருகிறார். உங்களுக்கு அவர் ஆரோக்கியமான ஓட்டுநர்.

இன்னொன்று. நீங்கள் ஊசியை மட்டும்தான் கேட்கிறீர்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் சாப்பாடு தவறினால் ஆளைக் கவிழ்க்கும். அவற்றை விழுங்கிவிட்டு ஓட்டுகிறவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

பிரிட்டனில் 2011 வரை இன்சுலின் போடுகிறவர்களுக்குக் கனரக லாரி உரிமம் பெரும்பாலும் கிடையாது. இப்போது கொடுக்கிறார்கள், ஆனால் கறாரான நிபந்தனைகளோடு. வண்டி எடுப்பதற்கு முன் 2 மணி நேரத்துக்குள் ஒரு சர்க்கரைச் சோதனை, ஓட்டும்போது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. சர்க்கரை பார்க்கும் மீட்டர் 90க்குக் கீழே காட்டினால் முதலில் ஏதாவது சாப்பிட வேண்டும். 70 அளவுக்கு இறங்கிவிட்டால் ஓட்டவே கூடாது. சர்க்கரை சரியான பிறகும் 45 நிமிடம் பொறுக்க வேண்டும். அமெரிக்காவும் 2018இல் ஒட்டுமொத்தத் தடையை விலக்கிவிட்டு, மூன்று மாத அளவீடுகளையும் மருத்துவர் எழுதிக் கொடுப்பதையும் பார்த்து முடிவுசெய்கிறது.

பிரிட்டன் விதிப்படி, அடுத்தவர் உதவியால் மீண்ட நான் அதன்பின் ஓராண்டு லாரியைத் தொட்டிருக்கக் கூடாது. ஆனால் மறுவாரமே வேறு யார்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் சாவி வாங்கினேன். வீட்டு வாடகை ஓராண்டு காத்திருக்காது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அன்று என்னை வெளியே அனுப்பாமல் யார்டில் ஒரு வேலை கொடுத்து, ஓராண்டு கழித்து மீட்டரைப் பார்த்துச் சாவி தந்திருந்தால், அந்த ஓராண்டு நான் சாலையில் இருந்திருக்க மாட்டேன்.

இப்போதைய முதலாளியிடம் போன வருடம்தான் சொன்னேன். "மீட்டர் எங்கே, காட்டு" என்றார், அவ்வளவுதான். மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் செலவை அவரே ஏற்கிறார். ஒரு டிரிப் டீசலுக்கு முன் அது ஒரு தொகையே இல்லை. வரிசை நீளம் என்றால் முன்கூட்டியே போன் வரும், சாப்பிட்டுவிட்டுத்தான் சேர்வேன். சாப்பிட்ட அரைமணிக்குப் பேட்டாவில் கை வைப்பதில்லை. ஐந்து மணி நேரத்துக்கு ஓர் அரைமணி ஓய்வு என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே எழுதி வைத்தது. வரிசையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பதை மட்டும் உங்களில் பலர் வேலையாகவே எண்ணுவதில்லை. கிளீனருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்: வண்டியை அணை, அண்ணனை ஸ்டியரிங்கை விட்டு நகர்த்து, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார், பேச்சில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடு.

முன்பு மருந்துக் குப்பியை இருக்கைக்கு அடியில் ஒளித்து வைப்பேன். என்ஜின் சூட்டில் அது எத்தனை நாள் மருந்தாக இருந்ததோ! இப்போது கேபினில் ஈரத்துணி சுற்றிய சின்ன மண்பானைக்குள், எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கிறது.

அடுத்த முறை ஆள் எடுக்கும்போது "ஊசி போடுகிறாயா" என்று கேட்டு அனுப்பிவிடாதீர்கள். மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள். மூன்று மாத அளவைப் பாருங்கள். அது சரியில்லை என்றால் என்னையும் இறக்கிவிடுங்கள், யார்டுக்குள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு டிரெய்லர் ஓட்டுநர்