கார்பன் ஷாஃப்ட் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கடைக்கு வருகிறவர்களும் வாட்ஸ்அப்பில் விசாரிக்கிறவர்களும் இப்போது அதிகம் கேட்பது ஒரே கேள்விதான். பூல் ஆடுகிற கியூவின், அதாவது கோலின், முன்பாதிதான் ஷாஃப்ட். பத்தாயிரம் ரூபாய் கார்பன் ஷாஃப்ட்டும் கறுப்பு, அதைவிட ஐந்து மடங்கு விலையுள்ளதும் கறுப்பு. அப்படி என்ன வித்தியாசம்? கவுன்டரில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறோம்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் பார்லரில் பூல் ஆடுகிறவருக்கு, ஒழுங்காகச் செய்த குறைந்த விலை ஷாஃப்ட்டே போதும். ஒழுங்காகச் செய்ததுதானா என்று பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

கியூ பாலில், அதாவது வெள்ளைப் பாலில், வலது சைடு போட்டு (நடுவிலிருந்து வலப்பக்கம் தள்ளி) அடித்தால், பால் நாம் குறிபார்த்த கோட்டில் போகாமல் கொஞ்சம் இடப்பக்கம் விலகும். எவ்வளவு விலகும் என்பதைத் தீர்மானிப்பது ஷாஃப்ட்டின் முனைக் கனம், அதாவது டிப்பிலிருந்து (முனையில் பாலைத் தொடுகிற தோல்) ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கும் எடை. முனை கனமாக இருந்தால் பாலைத் தள்ளிவிடும். லேசாக இருந்தால் முனையே ஒதுங்கி வழிவிடும். முதலில் மேப்பிள் மரத்தின் முனையையே குடைந்து லேசாக்கிப் பார்த்தார்கள். பிரிடேட்டர் நிறுவனத்தின் 314 ஷாஃப்ட் அந்த வகை. அதே நிறுவனம் 2016-இல் ரெவோ என்ற கார்பன் ஷாஃப்ட்டைக் கொண்டுவந்தது. அப்புறம் கியூடெக்கின் சைனர்ஜி, மெஸ்ஸின் இக்னைட், மெக்டெர்மட்டின் டிஃபை என்று வரிசையாக வந்துவிட்டன. கார்பன் குழாயின் சுவர் மெல்லியதாக இருந்தாலும் விறைப்பு குறையாது. அதனால் முனையில் எடையைக் குறைக்க முடிகிறது.

கார்பன் என்றாலே விலகல் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். குழாயின் சுவரைத் தடிமனாக விட்டு, முனையில் கனமான ஃபெரூலை (டிப்புக்கு அடியில் வருகிற உறை) ஒட்டியிருந்தால், அந்த ஷாஃப்ட்டும் சாதாரண மேப்பிள் மாதிரியே பாலைத் தள்ளும். விலை குறைந்த சரக்கில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அதற்குக் கடை டேபிளிலேயே ஒரு வழி இருக்கிறது. எதிர் ரெயிலின் (டேபிளின் ஓர விளிம்பு) நடுவில், டிப்பில் தேய்க்கிற சாக் கட்டி ஒன்றை வையுங்கள். கியூ பாலை நேர் எதிரே இந்தப் பக்க ஸ்பாட்டில் வைத்து, கியூவை அந்தக் கோட்டுக்கு இணையாக ஒரு டிப் அகலம் வலப்பக்கம் நகர்த்தி, மட்டமாகப் பிடித்து வேகமாக அடியுங்கள். மெதுவாக அடித்தால் பால் வளைந்து திரும்பி வந்து உங்களை ஏமாற்றிவிடும். அந்தச் சாக் கட்டியிலிருந்து எவ்வளவு இடப்பக்கம் தள்ளிப் போய் ரெயிலைத் தொடுகிறது என்று பாருங்கள். உங்கள் பழைய மேப்பிள், குறைந்த விலை கார்பன், ரெவோ மூன்றிலும் இதே அடியை அடித்துப் பார்த்தால் எங்கள் விளக்கமே தேவைப்படாது. நாங்கள் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும், முனை விட்டம் 12.4 மில்லிமீட்டர் உள்ள குறைந்த விலை ஷாஃப்ட்டுக்கும் ரெவோவுக்கும் இந்தச் சோதனையில் தெரிகிற இடைவெளி சிறியது. மேப்பிளுக்கும் இவை இரண்டுக்கும்தான் பெரிய இடைவெளி.

அப்படியானால் கூடுதல் பணம் எதற்கு? ஒரே சீரான தரத்துக்கு. உயர்ந்த விலை ஷாஃப்ட்டில் இன்று ஒன்றும் இரண்டு வருஷம் கழித்து இன்னொன்றும் வாங்கினால் இரண்டும் கையில் ஒரே மாதிரி பேசும். குறைந்த விலையில் ஒரே பெட்டியில் வந்தவைகூட எடையில் மாறும், சத்தத்தில் மாறும். உள்ளே அடைத்த நுரை சரியாக நிரம்பாவிட்டால் ஓங்கி அடிக்கும்போது வெறும் குழாயைத் தட்டுகிற மாதிரி ‘டிங்’ என்று கேட்கும். ஆட்டம் கெடாது; ஆனால் சிலருக்கு அந்தச் சத்தம் பிடிக்கவே பிடிக்காது.

இதைவிட முக்கியம் ஜாயின்ட். ஷாஃப்ட்டைக் கியூவின் பின்பாதியான பட்டில் (butt) முழுக்கத் திருகிவிட்டு, இரண்டும் சேருகிற இடத்தை ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்துச் சுற்றிப் பாருங்கள். கோடு மாதிரி வெளிச்சம் கசிந்தால் முகம் சரியாகக் கடையப்படவில்லை என்று அர்த்தம். கொஞ்ச நாளில் ஆட்டத்தின் நடுவே தளரும், பிரேக் (ஆட்டத்தின் முதல் அடி) அடிக்கும்போது கையில் அதிரும். அப்படிப்பட்டதை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நாங்கள் விற்பனைக்கு வைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் இப்படிப் பார்த்துவிடுகிறோம். கேலிப்பரில் முனை விட்டத்தையும் அளக்கிறோம்.

டிப் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. குறைந்த விலை ஷாஃப்ட்டோடு வருகிற டிப் பல நேரம் சுமாராகத்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டு நல்ல அடுக்குத் தோல் டிப் ஒன்றைப் போட்டால் அதே ஷாஃப்ட் வேறு ஷாஃப்ட் மாதிரி ஆகிவிடும். மிச்சப்படுத்திய பணத்தில் முதலில் இதைச் செய்யுங்கள். ஆனால் மர ஷாஃப்ட்டுக்குப் போடுகிற மாதிரி வீட்டில் பிளேடும் உப்புத்தாளும் வைத்துப் போடாதீர்கள். பிளேடு கீறினால் இழை பிரியும். தேய்க்கும்போது பறக்கிற கார்பன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முனையில் டேப் சுற்றி, முகக்கவசம் போட்டு, லேத்தில் செய்கிறவரிடம் கொடுங்கள்.

ஸ்னூக்கரிலிருந்து பூலுக்கு வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆஷ் மரக் கியூவில் ஒன்பதரை மில்லிமீட்டர் டிப்புக்குப் பழகிய கைக்கு 12.9 தடி மாதிரி இருக்கும். 11.8-ஐ எடுத்துப் பாருங்கள். கியூவின் மேல் மர ரேகையைப் பார்த்துப் பிடியைச் சரிசெய்கிற பழக்கம் உங்களுக்கு இருக்கும். கார்பனில் ரேகையே கிடையாது, பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

சென்னை மாதிரிக் கடலோர ஊரில் மேப்பிள் வளையும் என்ற கவலை கார்பனில் இல்லை, அது உண்மை. பட் இன்னமும் மரம்தான், அதனால் வெயிலில் நிற்கிற காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மேலே பளபளப்புப் பூச்சுள்ள ஷாஃப்ட்கள் வேர்வைக் கையில் ஒட்டும். மங்கலான பூச்சுள்ளதை எடுங்கள், அல்லது கிளவுஸ் போடுங்கள்.

டோர்னமென்ட் ஆடுகிறவர்கள், சைடும் ஸ்க்ரூவும் (பாலைப் பின்னால் திரும்பி வரவைக்கிற அடி) போடாமல் ஆட்டமே இல்லை என்கிறவர்கள், ஒரே ஷாஃப்ட்டைப் பல வருஷம் வைத்திருக்கப் போகிறவர்கள் ரெவோவோ சைனர்ஜியோ வாங்கலாம். திரும்ப விற்றாலும் ஓரளவு விலை நிற்கும். இணையத்தில் பத்தில் ஒரு பங்கு விலைக்கு ‘ரெவோ’ என்று வந்தால் அது போலி. அந்தப் பணத்துக்கு உண்மையான பெயரிலேயே வருகிற குறைந்த விலை ஷாஃப்ட் எவ்வளவோ மேல்.

வரும்போது உங்கள் கியூவின் பட் பாகத்தைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். யூனிலாக், ரேடியல், 3/8-10, 5/16-14 என்று ஜாயின்ட்கள் பல வகை. ஒன்றின் ஷாஃப்ட் இன்னொன்றில் ஏறாது. போட்டோ அனுப்பினால் திருகின் அளவு சரியாகத் தெரிவதில்லை. வார நாள்களில் மதியம் வந்தால் டேபிள் காலியாக இருக்கும். எல்லாவற்றையும் மாற்றி மாற்றி அடித்துப் பார்க்கலாம்.

அன்புடன்,
கடையிலிருந்து