சீட்டுக்கட்டும் மொய் நோட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பலரிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்து ஒரு வேலையைச் செய்கிற கூட்டுநிதி பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல யோசனை ஒன்று இருந்தால் போதும், பணம் தானாக வந்து சேரும் என்பதுபோல எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு வரையத் தெரிந்த ஒரு பிள்ளை நாளைக்கே ஊரிடம் பணம் கேட்டு நிற்குமோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன். நானே அப்படிக் கேட்கப் போனவள்தான்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் 14 வருடமாகக் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுக்கிறேன். அப்பா கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறை லீவு என்றால் எங்கள் திண்ணையில் நாலு பேர் சீட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். காசு வைக்க மாட்டார்கள். தோற்றவர் எல்லாருக்கும் தட்டுவடை செட்டு வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சீட்டில் இருக்கிற ராஜாவும் ராணியும் எந்த ஊர்க்காரர்கள் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன். நம் முகமும் நம் மலையும் இருக்கிற ஒரு கட்டு வரைய வேண்டும் என்ற ஆசை அப்போது விழுந்தது. அப்பா போன பிறகு அது ஆசையாக நிற்கவில்லை, கடனாகிவிட்டது.

ஏற்காடு இருக்கிற மலையின் பெயரையே வைத்தேன்: சேர்வராயன் மலைச் சீட்டுக்கட்டு. ஆட்டினுக்கு ஒட்டியிருக்கிற இரண்டு காப்பிப்பழம். கிளாவருக்கு மூன்று மிளகு. ஸ்பேடுக்கு மிளகுக்கொடியின் இலை. காம்போடு பார்த்தால் அப்படியே ஸ்பேடுதான். டைமனுக்குக் கொலுசின் ஒரு கண்ணி. பழுத்த காப்பி சிவப்பு, காய்ந்த மிளகு கருப்பு என்று நிறமும் தானாகவே பொருந்திவிட்டது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர், அவரை ராஜாவாக்கு என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏணி சுமந்து போகும் மிளகுக்காரப் பெரியவர் ராஜா, இடுப்பில் கூடை கட்டிப் பழம் பறிக்கிற அக்கா ராணி, பட்டறைப் பையன் ஜாக், காட்டெருது ஜோக்கர் என்று வரைந்தேன்.

வரைந்து முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். டம்மி கட்டு ஒன்று அடித்து, அப்பாவோடு சீட்டாடிய பெரியப்பா ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுபதைத் தாண்டியவர். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. கட்டைக் கவிழ்த்து விசிறி மாதிரி விரித்தார். நடுவில் ஒரு சீட்டை உருவி, தலைகீழாகத் திருப்பி, அதே இடத்தில் செருகினார். “பாப்பா, இப்ப இது எந்தச் சீட்டுன்னு எனக்குத் தெரியும். எதிர்ல உட்கார்ந்தவன் இத வெச்சே உன்னை ஏமாத்திடுவான்” என்றார்.

பின்பக்கத்தில் ஏற்காடு மலைப்பாதையை வரைந்திருந்தேன். கீழே அடிவாரம், மேலே ஏரி, நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவு. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் படத்துக்கு மேல், கீழ் இருந்தது. சீட்டின் பின்பக்கத்துக்கு அது இருக்கவே கூடாது. எப்படிப் பிடித்தாலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். மறுபடி உட்கார்ந்தேன். பத்து வளைவு ஒரு பக்கமிருந்து ஏறி வர, பத்து வளைவு மறுபக்கமிருந்து ஏறி வந்து, நடுவில் ஏரியில் சந்திக்கிற மாதிரி மாற்றினேன். முதலில் வரைந்ததைவிட இதுதான் நன்றாக இருக்கிறது. அந்த ஒரு திருத்தத்துக்காகவே பெரியப்பாவின் காலில் விழலாம்.

மூலையில் தமிழ் எண்கள் மட்டும் போட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். விளையாடக் கொடுத்தால் ௭ஐயும் ௮ஐயும் எ, அ என்று எழுத்தாகவே படித்தார்கள். ஆட்டத்தின் வேகம் செத்துப்போனது. சரி என்று வழக்கமான எண்ணைப் பெரிதாகவும் தமிழ் எண்ணை அதன் கீழே சிறிதாகவும் வைத்தேன். நாலு ஆட்டம் ஆடியதும் பிள்ளைகளுக்குத் தமிழ் எண்ணே மனப்பாடமாகிவிட்டது.

கோட்டை மாரியம்மனை ஒரு சீட்டிலாவது வைக்க ஆசைப்பட்டேன். அம்மா ஒரேயடியாக வேண்டாம் என்றார். சீட்டு தரையில் விழும், காலில் படும் என்றார். கையால் வரைகிற பழைய காலச் சீட்டான கஞ்சிஃபாவில் தசாவதார கஞ்சிஃபா இருக்கிறதே, பத்து அவதாரத்துக்கும் பத்து வரிசை, மொத்தம் 120 வட்டச் சீட்டு, மைசூர் மகாராஜாக்களே கஞ்சிஃபா வரைய வைத்து ஆடியிருக்கிறார்களே என்று வாதாடினேன். “அது அரண்மனைச் சீட்டு, இது திண்ணைச் சீட்டு” என்று முடித்துவிட்டார். அம்மா சொன்னதுதான் சரி.

இதற்கெல்லாம் எட்டு மாதம் ஆனது. அதுவரை யாரிடமும் ஒரு ரூபாய் கேட்கவில்லை. யோசனை மட்டும் கையில் இருந்த முதல் மாதமே கேட்டிருந்தால், ஏமாற்ற வழியுள்ள, படிக்க முடியாத ஒரு கட்டை ஊர்ப் பணத்தில் ஆயிரம் பிரதி அடித்திருப்பேன்.

அப்புறம் பணம். அமெரிக்காவில் 2009-ல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதி இணையதளத்தில் சீட்டுக்கட்டுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நாம் அதில் பணம் போடலாம். இந்தியாவில் இருந்துகொண்டு நம் பெயரில் திட்டம் தொடங்க முடியாது. அங்கே எனக்குப் பிடித்த ஒரு விதி, கேட்ட தொகை முழுதாகச் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும், இல்லையென்றால் யாரிடமும் எடுக்க மாட்டார்கள் என்பது. நான் சேர்ந்த இந்தியத் தளத்தில் வந்தவரை எடுத்துக்கொள்ளலாம். பாதிப் பணத்தில் பாதிச் சீட்டுக்கட்டா அடிக்க முடியும்? 2,40,000 ரூபாய் சேராவிட்டால் அவரவர் பணத்தைத் திருப்பித் தந்துவிடுவேன் என்று முதல் வரியிலேயே எழுதினேன்.

2025 ஜனவரி 20 முதல் பிப்ரவரி 28 வரை நாற்பது நாள். சேலத்தில் சீட்டு என்றாலே ஏலச் சீட்டுதான் ஞாபகம் வரும். ‘சீட்டுக்குப் பணம் கட்டுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் போட்டதும், எத்தனை மாதம், தள்ளு எவ்வளவு என்று கேட்டார்கள். சீட்டுக் கட்டி ஏமாந்த ஓர் அத்தை என்னை வீட்டுக்கே தேடி வந்து, “கண்ணு, உன்னை நான் நம்புறேன். ஆனா ஆள் முகம் பார்க்காம பணம் கொடுக்கிற தெம்பு எனக்கு இல்ல” என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. பணம் கட்டுகிறவர்கள் என் படத்தை மட்டும் பார்க்கவில்லை, வாங்கிக்கொண்டு ஓடிவிடுவாளா என்றும் பார்க்கிறார்கள். மறுநாள் டம்மி கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, என் முகம் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்துப் போட்டேன். எந்த வேலைக்கு எவ்வளவு செலவு என்று கையால் எழுதிய கணக்கையும் அதில் காட்டினேன்.

பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைக்கிறார்களே, அதுவும் கூட்டுநிதிதான். அங்கே யார் எவ்வளவு என்று நோட்டில் ஏறும், அது தலைமுறைக்கும் நிற்கும். நானும் ஒரு நீள நோட்டு வாங்கி, பணம் கட்டிய ஒவ்வொருவர் பெயரையும் என் கையால் எழுதினேன். கம்ப்யூட்டரில் அந்தப் பட்டியல் இருந்தது, ஆனாலும் எழுதினேன். கையால் எழுதிய பெயரை மறக்க முடியாது.

முதல் மூன்று நாளில் 71 பேர். ஏறக்குறைய எல்லாரும் நான் பத்திரிகை அடித்துக் கொடுத்த வீட்டுக்காரர்கள். அப்புறம் இரண்டு வாரம் கிணற்றில் போட்ட கல் மாதிரி. கடைசி மூன்று நாளில்தான் பெங்களூரு, திருப்பூர், சென்னையில் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். மொத்தம் 446 பேர், 2,42,500 ரூபாய். இதில் ஒன்பது பேர் சீட்டே வேண்டாம், வரைந்ததற்கு வைத்துக்கொள் என்று அனுப்பியவர்கள். அவர்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

பணம் சேர்ந்தும் கைக்கு வரவில்லை. பணப் பரிமாற்ற நிறுவனம் ஒன்று, இது சூதாட்டம் சம்பந்தப்பட்டதாகத் தெரிகிறது என்று 19 நாள் நிறுத்தி வைத்தது. ஆன்லைன் ரம்மியில் குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்தவள் நான். அதைத் தடுக்கச் சட்டம் வந்ததை முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆனால் அட்டையில் அச்சடித்த சீட்டு வேறு. பணம் வைக்காமல் திண்ணையில் ஆடுவது சூது இல்லை. ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொல்லியிருக்கிறது. ஜிஎஸ்டி அட்டவணையில் சீட்டுக்கட்டும் செஸ் போர்டும் கேரம் போர்டும் ஒரே இனத்தில்தான் இருக்கின்றன. இதையெல்லாம் எழுதி அனுப்பிய பிறகே விடுவித்தார்கள்.

அச்சு சிவகாசியில். ராத்திரி மதுரை பஸ் ஏறி, அங்கிருந்து மாறிப் போனேன். அப்படி ஐந்து தடவை. கல்யாணப் பத்திரிகையில் 14 வருட அனுபவம் இருக்கிறதே என்று நம்பியதுதான் தப்பு. முதல் டம்மியைப் பத்திரிகைக்குப் போடுகிற மாதிரி 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு என்கிற வழவழப்பான தடித்த அட்டையில் லேமினேஷன் போட்டு அடித்திருந்தேன். இருபது தடவை கலைத்ததும் மூலை வெளுத்து, சீட்டும் சீட்டும் ஒட்டிக்கொண்டது. சீட்டுக்கென்று நடுவில் கருப்புப் பசை வைத்த தனி அட்டை உண்டு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் மறுபக்கம் தெரியாது. மேலே லேமினேஷன் இல்லாமல் வார்னிஷ். விலை கூடுதல்தான், ஆனால் அதுதான் சீட்டு.

வெட்டி வந்த கட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். 63க்கு 88 மில்லிமீட்டர் சீட்டில் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெள்ளை ஓரம் விட்டிருந்தேன். ஒரே கட்டுக்குள் சில சீட்டில் ஓரம் இடதுபக்கம் தடித்தும் சிலதில் மெலிந்தும் இருந்தது. “ஒரு மில்லிமீட்டர்தானே மேடம், பத்திரிகையில யாரு பார்க்கிறாங்க” என்றார் அச்சகக்காரர். பத்திரிகையில் பார்க்க மாட்டார்கள். சீட்டில் அந்த ஒரு மில்லிமீட்டரே அடையாளமாகிவிடும். பெரியப்பா இரண்டாவது ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். வாங்க மாட்டேன் என்று நின்றேன். வெட்டு எவ்வளவு நகரலாம் என்று முன்னாலேயே எழுதி வாங்காதது என் குறை. கடைசியில் காகிதச் செலவில் பாதியை நான் ஏற்றுக்கொள்ள, மறுபடி அடித்தார்கள்.

மே மாதம் ஏற்காடு கோடை விழாவுக்குள் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அனுப்பியது செப்டம்பரில். இதில் நான் செய்த பெரிய தப்பு தாமதம்கூட இல்லை. தப்பாக வெட்டி வந்தது தெரிந்ததும் வெட்கப்பட்டு மூன்று வாரம் யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன், அதுதான். ஒருவர், “அக்கா, பணம் போனா போகட்டும், என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று எழுதினார். அன்றைக்கே கோணலாக வெட்டிய சீட்டைப் படம் எடுத்து, நடந்ததை அப்படியே எழுதி 446 பேருக்கும் அனுப்பினேன். அதன் பிறகு இரண்டு சனிக்கிழமைக்கு ஒரு தடவை பில்லோடு கணக்கு. நான்கு பேர் பணம் திரும்பக் கேட்டார்கள்; அன்றைக்கே முழுதாகக் கொடுத்தேன். மற்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

தாமதத்துக்கும் விலை உண்டு. பதிவுத் தபாலுக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். 2025 செப்டம்பர் 1 முதல் அதை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். ஒரு கட்டுக்கு 40 என்று வைத்திருந்தது 70-ஐ ஒட்டிப் போனது. தளம் தன் பங்காகப் பிடித்துக்கொள்கிற கழிவு, மாதிரி அச்சு, மறு அச்சு எல்லாம் சேர்ந்து என் கையிலிருந்து 38,000 ரூபாய் போனது. குறைந்தது ஆயிரம் கட்டு அடித்தால்தான் அச்சகத்தில் விலை கட்டும் என்பதால் 500-க்குச் சற்று மேல் மிச்சம். ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு காப்பித்தூள் கடையில் விற்பதற்கு வாங்கி வைத்திருக்கிறார்கள். அதில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. கேட்கிற தொகையை முடிவு செய்யும்போது தபாலையும் கழிவையும் ஒரு தடவை மறு அச்சையும் சேர்த்தே கேட்டிருக்க வேண்டும். அதிகம் கேட்டால் பேராசை என்று நினைப்பார்களோ என்று பயந்துவிட்டேன்.

இன்னொன்றையும் இந்தக் கடிதம் வழியாகச் சொல்ல வேண்டும். அனுப்பிய 433 பார்சலில் 11 முகவரி சரியில்லாமல் திரும்பி வந்திருக்கின்றன. போனும் எடுக்கவில்லை. மூன்று சேலம், இரண்டு ஆத்தூர், ஒன்று மேட்டூர், ஐந்து பெங்களூரு. சேர்வராயன் மலைச் சீட்டுக்குப் பணம் கட்டி இன்னும் கட்டு வந்து சேராதவர்கள் இதைப் படித்தால், பணம் கட்டிய அதே எண்ணிலிருந்து எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். உங்கள் பெயர் நோட்டில் இருக்கிறது. கட்டு என் மேஜை டிராயரில் பிரிக்காமல் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.