முகப்பு விளக்கும் எதிரே வருபவரின் கண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரவில் சாலை சரியாகத் தெரியவில்லை என்பதற்காக, காருடன் வந்த ஹாலோஜன் பல்பைக் கழற்றிவிட்டுக் கூடுதல் வாட் கொண்ட பல்பையோ எல்.இ.டி. பல்பையோ முகப்பு விளக்கில் மாட்டிக்கொள்வது நம் ஊர்களில் சர்வ சாதாரணமாகிவிட்டது. வெளிச்சம் வேண்டும் என்ற தேவையை நான் குறை சொல்லவில்லை. தெருவிளக்கு இல்லாத, ஓரக்கோடு அழிந்துபோன, பின்விளக்கே இல்லாத டிராக்டர் எந்த இடத்திலும் எதிர்ப்படக்கூடிய சாலைகளில் வண்டி ஓட்டுகிறவர்கள் நாம். ஆனால் அந்தத் தேவைக்கென்று கடைகளில் விற்கப்படும் பல்புகளில் பெரும்பாலானவை ஓட்டுபவருக்கு நினைத்த பயனைத் தராமல், எதிரே வருபவரின் பார்வையைச் சில நொடிகளுக்குப் பறித்துவிடுகின்றன என்பதை வாகன உரிமையாளர்களும் போக்குவரத்துத் துறையும் கவனிக்க வேண்டும்.

நான்கு வழிச் சாலைகளின் நடுத்தடுப்பில் வளர்ந்திருக்கும் அரளிச் செடிகள் எதிர்ப்பக்க வெளிச்சத்தை ஓரளவு மறைத்துவிடுகின்றன. அதனால் கரூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் செல்லும்போது பெரிதாக உறுத்தாத தொல்லை, அதிலிருந்து பிரியும் கிளைச் சாலைகளில் இறங்கியதும் முகத்தில் அறைகிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 33 மீட்டர் நெருங்குகின்றன. கூசிய கண் தெளிய மூன்று நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குள் நம் வண்டி 50 மீட்டர் தூரத்தைக் குருட்டாம்போக்கில் கடந்திருக்கும். முதியவர்களுக்கும் கண்புரை தொடங்கியவர்களுக்கும் கண் தெளிய இதைவிடக் கூடுதல் நேரமாகும். சாலையோரம் நடந்து செல்பவரும் விளக்கில்லாத சைக்கிளில் வருபவரும் அந்த 50 மீட்டருக்குள்தான் இருக்கிறார்கள்.

பல்பை மட்டும் மாற்றினால் ஏன் இப்படி ஆகிறது என்பதை விளக்கின் அமைப்பைக் கொண்டுதான் புரிந்துகொள்ள முடியும். நம் நாட்டுச் சிறிய கார்களில் பரவலாக இருப்பது எச்4 வகை பல்பு. அதில் தொலைவுக்குப் பாயும் ஹை பீமுக்கு 60 வாட், கீழே தாழ்ந்து விழும் லோ பீமுக்கு 55 வாட் என இரண்டு டங்ஸ்டன் இழைகள் உண்டு. லோ பீம் இழைக்குக் கீழே மிகச் சிறிய உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். இழையின் ஒளி, அதைத் திருப்பி முன்னே அனுப்பும் குழிந்த ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் படாமல் அந்தக் கிண்ணம் தடுத்துவிடுவதால், மேல்பாதியில் பட்டுத் திரும்பும் ஒளி மட்டுமே சாலையை நோக்கிக் கீழே இறங்குகிறது. விளக்கைச் சுவரில் பாய்ச்சிப் பார்த்தால் மேலே இருளும் கீழே வெளிச்சமும் கோடு போட்டாற்போல் பிரிந்திருப்பதும், சாலையின் இடப்பக்கம் செல்லும் நம் நாட்டில் அந்தக் கோடு இடது ஓரத்தில் மட்டும் சற்று மேலேறுவதும் இந்த ஏற்பாட்டினால்தான். இழை இருக்கும் இடத்தை வைத்தே ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் கணக்கிடப்பட்டிருக்கிறது. எல்.இ.டி. பல்பிலோ இழைக்குப் பதிலாக ஒரு தட்டையான தண்டின் இரு பக்கங்களில் ஒளிச்சில்லுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. அவை இழை இருந்த இடத்திலிருந்து மில்லிமீட்டர் அளவு விலகியிருந்தாலும் அந்தக் கோடு கலைந்து, மேலே போகக் கூடாத ஒளி எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகிறது.

இத்தகைய பல்பை மாட்டியவர்கள், ‘முன்னைவிட நன்றாகத் தெரிகிறது’ என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. வண்டிக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் தரை பளீரென்று வெளுத்திருப்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். பக்கத்துத் தரை அளவுக்கு மீறி ஒளிர்ந்தால் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடுகிறது. அறுபது மீட்டருக்கு அப்பால் மங்கலாக நிற்கும் உருவத்தைப் பிரித்தறியும் திறன் குறைகிறது. இரவில் நம் உயிரைக் காப்பது அந்தத் தொலைவுப் பார்வைதான். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதித்து வண்டி நிற்பதற்குள், உலர்ந்த நல்ல சாலையிலேயே ஏறக்குறைய 70 மீட்டர் கடந்துவிடுகிறோம்.

பெட்டிகளின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் பத்தாயிரம், இருபதாயிரம் லூமென் (ஒளியின் அளவு) என்ற எண்களையும் நம்ப வேண்டியதில்லை. எச்4 பல்பின் தர அளவே லோ பீமுக்குச் சுமார் 1000 லூமென், ஹை பீமுக்குச் சுமார் 1650 லூமென். விலையுயர்ந்த கார்களில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்த 35 வாட் செனான் வாயு விளக்கு தருவது 3200 லூமென். அந்த விளக்கைப் பொருத்தும் கார்களில் ஒளியின் உயரத்தைத் தானாகச் சரிசெய்யும் கருவியும் விளக்கின் முன்கண்ணாடியைக் கழுவும் கருவியும் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய விதிகள் வற்புறுத்தின. ஜெர்மனியில் 2020ஆம் ஆண்டு ஆஸ்ராம் நிறுவனத்தின் எச்7 வகை எல்.இ.டி. பல்புக்குச் சாலையில் பயன்படுத்த அனுமதி கிடைத்தபோதுகூட, சோதித்துப் பட்டியலிடப்பட்ட கார் மாடல்களுக்கு மட்டுமே அது செல்லுபடியானது. இங்கோ எந்த விளக்குக்கு எந்த பல்பு பொருந்தும் என்ற கேள்வியே எழுவதில்லை.

ஹை பீமுக்கு 100 வாட், லோ பீமுக்கு 90 வாட் கொண்ட ஹாலோஜன் பல்பின் சங்கதி வேறு. அதில் இழை சரியான இடத்தில் இருந்தாலும், லோ பீமில் 55 வாட்டுக்கு நாலரை ஆம்பியர் அளவில் ஓடிய மின்சாரம் ஏழரை ஆம்பியரைத் தொடுகிறது. தடித்த வயரும், சுவிட்ச் வழியே போகாமல் மின்சாரத்தை நேராக பல்புக்கு விடும் ரிலேவும் போடாமல் பழைய வயரிங்கிலேயே அதை மாட்டினால் ஹோல்டர் உருகும், சுவிட்ச் கருகும், சூட்டில் ரிஃப்ளெக்டரின் வெள்ளி நிறப் பூச்சு உரியும். பூச்சு உரிந்த விளக்கில் பிறகு எந்த பல்பைப் போட்டாலும் வெளிச்சம் திரும்பாது. கோடு கலையாவிட்டாலும் எதிரே வருபவருக்குக் கண்கூச்சம் கூடத்தான் செய்யும்.

வெளிச்சம் குறைந்துவிட்டது என்று தோன்றும்போது முதலில் பார்க்க வேண்டியது விளக்கின் முன்மூடியை. இப்போதைய கார்களில் அது கண்ணாடி அன்று. பாலிகார்பனேட் எனும் பிளாஸ்டிக். நம் வெயிலில் சில ஆண்டுகள் நின்றாலே மேற்பூச்சு போய், மஞ்சளித்து, மங்கிவிடும். அந்த மங்கல் ஒளியைக் குறைப்பதோடு சிதறவும் அடிக்கிறது. பாலிஷ் போட்டு, புற ஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சை மறுபடி அடித்தால் பல கார்களில் பாதிக் குறை அத்துடன் தீர்ந்துவிடும். பூச்சு அடிக்காமல் விட்டால் சில மாதங்களில் பழைய நிலைதான்.

அடுத்தது மின்னழுத்தம். ஹாலோஜன் பல்புக்குச் சேரும் மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்துவிடும். எஞ்சினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, பேட்டரி முனையிலும் பல்பின் ஹோல்டரிலும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் வழியில் எவ்வளவு தொலைகிறது என்பது தெரிந்துவிடும். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறை பல்பில் இல்லை; துருப்பிடித்த எர்த் இணைப்பிலோ மெல்லிய வயரிலோ இருக்கிறது. ரிலே வைத்துப் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்தால் அதே 60/55 வாட் பல்பு புதிதாக மாட்டியதுபோல் எரியும். நல்ல ஆட்டோ எலக்ட்ரீசியனுக்கு இது சிறிய வேலை.

மூன்றாவதாக, ஒளி விழும் கோணம். சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தினால், ஒளியின் மேல்கோடு விளக்கின் நடுமையத்தைவிட 10 செ.மீ. கீழே விழ வேண்டும். விளக்கு 65 செ.மீ. உயரத்தில் இருந்தால் அந்த ஒளி சாலையில் 65 மீட்டர் வரை எட்டும். இரண்டு விரற்கடை கூடுதலாக இறங்கினாலும் தொலைவு பெரிதும் குறைகிறது. மையத்துக்கு மேலே ஏறினால் எதிரே வருபவரின் கண்ணில் விழுகிறது. பின்னிருக்கை நிறைய ஆட்களும் டிக்கி நிறையச் சாமானும் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும் என்பதற்காகவே டேஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட ஒரு சிறு சக்கரம் பல கார்களில் இருக்கிறது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளில் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் வெளிச்சம் போதவில்லை என்றால், அதே 60/55 வாட்டில் இழையை இன்னும் நுட்பமாக அமைத்துச் செய்யப்பட்ட, வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும் பொறித்த தரமுள்ள பல்புகள் கிடைக்கின்றன. அவற்றின் ஆயுள் சற்றுக் குறைவு. இடது, வலது விளக்குகளின் பல்புகள் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது. நீலச்சாயம் பூசியவற்றைத் தவிர்ப்பது நல்லது. அந்தச் சாயம் ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிவிட்டுத்தான் வெண்மையாகக் காட்டுகிறது.

சட்டம் இல்லாமலில்லை. விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் உள்ள ஒருவரைக் கூசச் செய்யாதபடி ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும், அல்லது ஓட்டுநர் அதைத் தாழ்த்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106ஆவது விதி கூறுகிறது. ஆனால் சொந்தப் பயன்பாட்டுக் கார் தகுதிச் சோதனைக்குப் போவது 15 ஆண்டுகள் கழித்துத்தான். அதுவரை அதன் விளக்கை யாரும் அளந்து பார்ப்பதில்லை. அதே கார், பி.எஸ். 4, பி.எஸ். 6 எனும் புகை வரம்புத் தரங்களைச் சேர்ந்ததானால் ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்கு முந்தையதானால் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் புகைப் பரிசோதனைக்குப் போயே ஆக வேண்டும். அந்த மையங்களிலேயே முகப்பு விளக்கின் கோணத்தையும் பல்பின் வகையையும் பார்த்துச் சான்றிதழில் குறிப்பதற்குத் தமிழகப் போக்குவரத்துத் துறை மத்திய அரசிடம் விதித்திருத்தம் கேட்க வேண்டும். ஒரு சமதரையும் சுவரும் அளவுகோலும் இருந்தாலே தொடங்கிவிடலாம். இரவு வாகனச் சோதனையில் ஆவணங்களைக் கேட்கும் காவலர்கள் விளக்கைச் சுவரில் பாய்ச்சச் சொல்லிப் பார்ப்பதற்கும், தரமுத்திரை இல்லாத பல்புகளை விற்கும் கடைகளை அதிகாரிகள் ஆய்வு செய்வதற்கும் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது. துறையின் சுற்றறிக்கை ஒன்றே போதும் என்பதால், அதையாவது மழைக்காலம் தொடங்கும் முன்பே பிறப்பிக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கரூர்.