முதலில் மீட்டரை எடு

அன்புள்ள செல்வத்துக்கு,

பேத்திக்கு மொட்டை போட வைத்தீஸ்வரன்கோவில் போய் வந்ததில் பதில் தள்ளிப்போய்விட்டது, கோபித்துக்கொள்ளாதே. பாட்டு கேட்கும் செட்டுக்குக் கரண்டைச் சீராக்கும் என்று விற்கிற பவர் கண்டிஷனர் வாங்கலாமா என்று கேட்டாயே, எதற்கு, கண்ணாடிக் குழாய் வைத்த வால்வு ஆம்ப்ளிஃபயருக்கா (ஆம்ப்) டிரான்சிஸ்டர் ஆம்புக்கா? இரண்டுக்கும் பதில் வேறு.

எங்கள் தெருவில் பம்ப்செட் ஓடும் நேரம் 190 வோல்ட், நடுராத்திரி 250. வால்வுக்கு இதுதான் வினை. வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் வேண்டும், என் ஆம்பில் அது டிரான்ஸ்பார்மரிலிருந்து நேராக வருவதால் லைன் ஏறினால் அதுவும் ஏறும். ஆம்பின் பின்பக்க வோல்டேஜ் செலக்டர் 220-ல் இருந்ததை நான் வாங்கியபோது பார்க்கவே இல்லை. ராத்திரி ஹீட்டரில் 7.1 வோல்ட், வால்வின் ஹை வோல்டேஜ் பிளேட்டிலும் அதே விகிதத்தில் கூடுதல், ஒரே வருஷத்தில் இரண்டு இஎல்34 வால்வு போயிற்று. பிளக்கைப் பிடுங்கி 240-க்குத் திருப்பினேன், பைசா செலவில்லை. மாலை லோ வோல்டேஜுக்கு மட்டும், மோட்டார் வைத்து வோல்டேஜைச் சீராக ஏற்றி இறக்கும் சர்வோ ஸ்டெபிலைசர் போட்டேன். படிப்படியாக சுவிட்ச் மாற்றும் ரிலே வகை வேண்டாம், அது மாறும்போதெல்லாம் ஸ்பீக்கரில் டப்பென்று கேட்கிறது. அப்புறம், கண்டிஷனர் என்று விற்பதில் பல, லைனில் வரும் இரைச்சலை வடிகட்டும் வெறும் ஃபில்டர்தான், வோல்டேஜைத் தூக்காது, இறக்காது. கேட்டு வாங்கு.

அப்படி ஒரு ஃபில்டர் பெட்டியை மருமகனிடம் இரவல் வாங்கி டிரான்சிஸ்டர் ஆம்பிலும் போட்டுப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் ஆன் ஆகும்போது வரும் சொடுக்கு நின்றது, ஆனால் தவில் அடி தளர்ந்த மாதிரி இருந்தது. அந்த டிரான்சிஸ்டர் ஆம்ப் கிளாஸ் ஏபி வகை, சும்மா இருக்கையில் கொஞ்சமாக இழுக்கும், அடி விழுந்தால் பல மடங்கு; அதிலும் உள்ளே கரண்டைத் தேக்கும் கெபாசிட்டர் நிரம்புவது அலையின் உச்சியில் சில மில்லிசெகண்ட்தான், நொடிக்கு 100 தடவை. நடுவில் ஃபில்டரின் சின்னக் கம்பிச்சுருள் (காயில்) உட்கார்ந்திருந்தால் சரியாக அந்த நேரம் பார்த்து வோல்டேஜ் சரியும். கிளாஸ் ஏ வால்வு ஆம்ப் பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இழுக்கும், அதற்கு இந்தத் திண்டாட்டம் குறைவு. மகனை விட்டு எனக்குத் தெரியாமல் பெட்டியோடும் பெட்டி இல்லாமலும் மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன், பத்தில் ஆறு தடவைதான் சரியாகச் சொன்னேன். அதை நீ எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள். டிரான்சிஸ்டர் ஆம்பை நான் திரும்பவும் சுவரிலேயே செருகிவிட்டேன்.

ஸ்பீக்கரில் வருவதாக நீ சொன்ன உர்ர் சத்தம் எந்தப் பெட்டி போட்டாலும் போகும் என்று நம்பாதே. செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள் ஒயரைக் கழற்றிவிட்டுக் கேள், நின்றால் எர்த் லூப், அதாவது இரண்டு வழியில் எர்த் சேர்வதால் வரும் சத்தம். யாராவது எர்த்தைக் கழற்றிவிடச் சொன்னால் மட்டும் கேட்காதே, வால்வு ஆம்புக்குள் 400 வோல்ட் டிசி நிற்கிறது, அது வெளிப்பெட்டியில் பட்டால் காப்பாற்றுவது எர்த்தான்.

ஒரு வாரம் காலை, மாலை, ராத்திரி வோல்டேஜ் பார்த்து எழுதி அனுப்பு, பிறகு வாங்கலாமா என்று பேசுவோம். அப்படியே உன் சர்க்கரை அளவையும் எழுது, போன தடவை நைசாக மறைத்துவிட்டாய்.

உன்,
ராமு