நியமத்தை எந்தக் கட்டத்தில் சேர்த்தீர்கள்?

ஆசிரியருக்கு,

பேலியகொடைச் சந்தை மரக்கறியிலும் ஏற்றுமதித் தேயிலையிலும் பங்கசுநாசினி எச்சம் இத்தனை மில்லிகிராம் என்று செய்தி வந்தால், அந்த எண்ணை எல்லோரும் அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். ஒப்பிட்டு அளப்பதற்காக மாதிரியில் அளவறிந்து சேர்க்கும், அதே பொருளின் டியூட்டீரியம் (கனமான ஐதரசன்) ஏற்றிய வடிவமே நியமம். அதை ஆய்வுகூடம் எப்போது சேர்த்தது என்பதில்தான் அந்த எண் தங்கியுள்ளது.

கார்பென்டாசிம் என்ற பங்கசுநாசினியை எடுங்கள். அதன் மெதைல் கூட்டத்து ஐதரசன் மூன்றையும் டியூட்டீரியமாக மாற்றினால் மூலக்கூறு மூன்று அலகு கனக்கும். நடத்தை ஏறக்குறைய மாறாது. மூலக்கூறுகளைத் திணிவின்படி பிரித்துக் காட்டும் திணிவு நிறமாலைமானியில் சாதாரணமானது 192இலும் நியமம் 195இலும் தெரியும். தேயிலைச் சாற்றிலுள்ள கஃபீன் முதலியவை சமிக்ஞையை அமுக்கினாலும் இரண்டையும் சேர்த்தே அமுக்கும், விகிதம் நிற்கும்.

தேயிலைத் தூள் 2 கிராமை 10 மி.லீ. நீரில் ஊறவைத்ததும் நியமத்தை இட வேண்டும். எச்சத்தைப் பிரித்தெடுக்கும் கரைப்பானான அசிட்டோநைட்ரைல் 10 மி.லீ., மக்னீசியம் சல்பேற்று 4 கிராம், உப்பு 1 கிராம் எல்லாம் அதற்குப் பிறகுதான். பச்சை நிறத்தை நீக்கப் போடும் காபன் தூள், கார்பென்டாசிம் போன்ற தட்டையான மூலக்கூறுகளையும் பிடித்துக்கொள்ளும். நியமத்தைக் கடைசியில், கருவியில் வைக்கும் குப்பியில் இட்டால் இந்த இழப்பு கணக்கில் வராது. பாதி போயிருந்தால் அறிக்கையிலும் பாதிதான் இருக்கும்.

கடைசியில் இடுவது செலவுக்குப் பயந்துதான். குப்பிக்கு 50 நானோகிராம் போதும், தொடக்கத்தில் இட்டால் 500 வேண்டும். அப்படியிருந்தும் ஒரு மில்லிகிராம் 2000 மாதிரிகளுக்கு வரும். இதில் மிச்சம் பிடிப்பது நியாயமே இல்லை.

நியமத்தின் தூய்மையையும் பார்க்க வேண்டும். டியூட்டீரியம் ஏறாத மூலக்கூறு அதில் 1% இருந்தால், மி.லீ.க்கு 50 நானோகிராம் இடும்போது 0.5 நானோகிராம் பொய்யான எச்சம் சேரும். எச்ச எல்லை கிலோவுக்கு 0.01 மி.கி. என்று வைத்துக்கொண்டால், அது இந்தச் சாற்றில் மி.லீ.க்கு 2 நானோகிராம்தான். அதில் கால்வாசி நியமத்திலிருந்தே வந்துவிடும். நஞ்சில்லாத தேயிலையில் நியமத்தை மட்டும் இட்டு ஓட்டினால் இது உடனே தெரியும்.

இன்னொன்று: கார்பென்டாசிம் எளிதில் கரையாது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த போத்தலின் அடியில் வெள்ளைப் படிகம் தெரிந்தால், அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, மீயொலித் தொட்டியில் வைத்து முழுதாகக் கரைத்த பின்பே அளந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நியமம் குறைந்து, மாதிரியில் நஞ்சு கூடியதாகக் காட்டும். அந்த எண்ணால் அடிபடுவது நுவரெலியாவில் லீக்ஸ் பயிரிடும் விவசாயி.

ஆகவே நியமம் சேர்த்த கட்டம், மீட்பு வீதம் (இட்டதில் எவ்வளவு கடைசிவரை மிஞ்சியது என்பது), நியமம் மட்டும் இட்ட வெற்று மாதிரியின் பெறுபேறு ஆகிய மூன்றையும் ஒவ்வோர் அறிக்கையிலும் அச்சிட வேண்டும். சோதனைக்குப் பணம் கட்டுவோர் இவற்றைக் கேட்டுப் பெற வேண்டும்.

இரசாயனப் பகுப்பாய்வாளர்கள்,
வெள்ளவத்தை, கொழும்பு 06