சங்கையும் தொலைபேசியையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால்

ஆசிரியர் அவர்களுக்கு,

2024 ஜனாதிபதித் தேர்தல் முடிவு வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. அதற்குள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து மச்சாள் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டா. அவ சஜித் பிரேமதாசவின் சின்னமான தொலைபேசிக்குப் போட்டவ. "நீங்கள் எல்லாம் சேர்ந்துதான் சஜித்தைத் தோக்கடிச்சனீங்கள்" என்று என் கணவருக்கு எழுதிவிட்டுப் போனா. இவர் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின் சின்னமான சங்குக்குப் போட்டவர். இவர் பதிலுக்கு எழுதியதை இங்கே எழுத முடியாது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பியின் மகன், வென்ற அநுரகுமாரவின் திசைகாட்டிப் பக்கம். அவன் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிக்கிறான். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணர் விடியக்காலையில் அழைத்து, சங்குக்குப் போடாதவன் தமிழனே இல்லை என்று ஏசுகிறார். கனடாவில் அவர் எந்தக் கட்சிக்குப் போடுகிறார் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. நான் யாருக்குப் போட்டேன் என்பது எனக்கும் அந்த வாக்குச்சீட்டுக்கும் தெரியும். என் கணவருக்கே சொல்லவில்லை.

ஊரிலும் இதே கதைதான். சந்தையில், கோயில் வீதியில், சலூனில் எல்லாம் யார் துரோகி என்ற விசாரணை நடக்கிறது. உங்கள் பத்திரிகையிலும் இரண்டு நாளாக அந்த வாசனை அடிக்கிறது. நான் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கோபத்தை விட்டுவிட்டுத் தேர்தல் ஆணைக்குழுவின் எண்களை மட்டும் எடுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கத்துக் குற்றச்சாட்டும் கணக்கில் நிற்கவில்லை.

முதலில் மச்சாளின் குற்றச்சாட்டு. முதல் எண்ணிக்கையில் அநுரகுமார திசாநாயக்க 5,634,915, சஜித் பிரேமதாச 4,363,035. இடைவெளி 1,271,880. சங்குக்கு நாடு முழுவதும் விழுந்தவை 226,343. அந்த வாக்குகளில் ஒன்று விடாமல் தொலைபேசிக்குப் போயிருந்தாலும் பத்து இலட்சத்துக்கு மேல் இடைவெளி மிச்சம் இருந்திருக்கும். சங்கு யாரையும் தோற்கடிக்கவில்லை. தோற்கடிக்கக்கூடிய இடத்தில் அது இருக்கவுமில்லை.

இனி என் கணவரின் குற்றச்சாட்டு. தொலைபேசிக்குப் போட்டவர்கள் தமிழர் ஒற்றுமையைக் காட்டிக் கொடுத்தார்களாம். யாழ். மாவட்டத்தில் சஜித்துக்கு 121,177, அரியநேத்திரனுக்கு 116,688. வித்தியாசம் 4,489. ரணில் விக்ரமசிங்கவுக்கு 84,558. இதில் யாரைக் காட்டிக் கொடுத்தவர் என்பது? தமிழரசுக் கட்சியின் மத்திய குழு வவுனியாவில் கூடி சஜித்துக்கு ஆதரவு என்று தீர்மானித்தது. அதே கட்சியின் சிறீதரன் சங்குக்கு மேடை ஏறினார். அரியநேத்திரனும் அந்தக் கட்சிக்காரர்தான். கஜேந்திரகுமாரின் கட்சி புறக்கணிக்கச் சொன்னது. தலைவர்களே ஒரு வீட்டுக்குள் இருந்து மூன்று வாசலைக் காட்டினால் சனம் மூன்று வாசலாலும்தான் போகும். ஏச்சு மட்டும் சனத்துக்கு.

முகநூலில் ஒரு வரைபடம் சுற்றுகிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். வடக்கு, கிழக்கு, நுவரெலியா ஒரு நிறம், தெற்கின் பெரும்பகுதி இன்னொரு நிறம். இரண்டு பக்கத்துக் கடும்போக்காளர்களும் அதை ஆசையோடு பகிர்கிறார்கள். "பார்த்தீர்களா, இரண்டு நாடு" என்று இங்கே. "பார்த்தீர்களா, இவர்கள் ஒருநாளும் சேரமாட்டார்கள்" என்று அங்கே. 2019இலும் இப்படி ஒரு வரைபடம் வந்தது. அப்போது அதில் உண்மை இருந்தது. யாழ். மாவட்டத்தில் சஜித்துக்கு 83.86 வீதம். கோட்டாபய ராஜபக்ச அநுராதபுரத்து பௌத்த தூபியான றுவன்வெலிசாயவில் பதவியேற்றபோது, சிங்கள மக்களின் வாக்கால் வெல்வேன் என்று தனக்குத் தெரியும் என்று சொல்லவும் அந்த முடிவு வாய்ப்பாக இருந்தது. இந்த முறை அப்படி இல்லை. யாழ்ப்பாணம் தொலைபேசியின் நிறத்தில் தெரிவது 32.60 வீத வாக்கால். மிச்ச மூன்றில் இரண்டு பங்குச் சனம் அந்த நிறத்துக்குள் காணாமல் போய்விட்டது. நாடு முழுவதும் எடுத்தாலும் வென்றவருக்கு 42.31 வீதம்தான். ஐம்பதைத் தாண்டாததால் இந்த நாட்டு ஜனாதிபதித் தேர்தல்களில் முதல் தடவையாக விருப்பு வாக்குகளை, அதாவது சீட்டில் 1க்குப் பின் இடும் 2, 3 ஆகியவற்றை, எண்ண வேண்டி வந்தது.

திசைகாட்டிக்காரருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தம்பியின் மகன் கேட்கிறான், "மாமி, ஏன் ஒருத்தரும் சந்தோசப்படேல்லை?" என்று. 2006இல் வடக்கையும் கிழக்கையும் பிரிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் போனது அநுரவின் கட்சியான ஜே.வி.பி. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குப் புது ஜனாதிபதியைப் பார்த்தவுடன் வெடி கொளுத்த வராது. அவன் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். அதே நேரம், அவன் சொல்கிற ஒன்றை நான் மறுக்கவும் மாட்டேன். ஊழலையும் வேலையின்மையையும் பற்றி அவனோடு உட்கார்ந்து கதைத்த கட்சிக்காரர் அவர்கள் மட்டும்தானாம். யாழ். மாவட்டத்தில் திசைகாட்டிக்குக் கிடைத்த 27,086இல் அவனைப் போன்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்று எங்கள் கட்சிகள் யோசிக்கட்டும்.

வடக்கின் வாக்கு உண்மையில் முடிவை மாற்றியிருக்கக்கூடிய தேர்தல் 2005. மகிந்த ராஜபக்ச வென்றது 180,786 வாக்குகளால். அன்று தேர்தல் புறக்கணிப்பால் யாழ். மாவட்டத்தில் வாக்களித்தது 1.21 வீதம். அந்தக் கணக்கை எடுத்தால் மட்டும் இன்று துரோகி என்று கத்துகிற பலர் மெல்ல எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுகிறார்கள்.

இந்த முறை நாங்கள் சண்டை பிடித்திருக்க வேண்டிய விடயம் வேறு. விருப்பு வாக்கு. முதல் இருவரையும் தவிர்த்து மற்றவர்களுக்குப் போட்டவர்கள் 33 இலட்சத்துக்கு மேல். அந்தச் சீட்டுகளில் இரண்டாம் அல்லது மூன்றாம் விருப்பால் அநுரவுக்குப் போய்ச் சேர்ந்தவை 105,264. சஜித்துக்கு 167,867. இரண்டையும் கூட்டினால் 273,131. நூறு பேரில் எட்டுப் பேர்! மற்றவர்களின் சீட்டு இறுதிச் சுற்றில் எவருக்கும் உதவவில்லை. சங்குக்கு 1 போட்டுவிட்டு, தனக்குப் பிடித்த மற்றவருக்கு 2 போட எவருக்கும் தடை இருக்கவில்லை. கொள்கையும் காப்பாற்றப்பட்டிருக்கும், கொழும்பில் யார் இருக்க வேண்டும் என்பதிலும் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்த கட்சிக்காரர் எவரும் இதை எங்கள் ஒழுங்கையில் விளங்கப்படுத்தவில்லை. எல்லாரும் தங்கள் சின்னத்தைக் காட்டிப் புள்ளடியைப் போடச் சொன்னதோடு சரி. நாடு முழுவதும் மூன்று இலட்சம் வாக்குகள் நிராகரிக்கப்பட்டதும் இந்த இலட்சணத்தில்தான்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், பாராளுமன்றம் கலைக்கப்பட்டுவிட்டது. நவம்பர் 14 தேர்தல். வேட்புமனு ஒக்ரோபர் 4 முதல் 11 வரை. ஜனாதிபதித் தேர்தலில் தமிழ் வாக்கு உடைந்தது முடிவை மாற்றவில்லை. பாராளுமன்றத் தேர்தலில் மாற்றும். யாழ். மாவட்டத்துக்கு இந்த முறை ஆறு ஆசனம்தான், முன்பு ஏழு. அதில் ஒன்று முதலாவதாக வரும் கட்சிக்குப் போனஸாகப் போகும். ஐந்து வீதம் எடுக்காத பட்டியல் கணக்கிலேயே வராது. செப்ரெம்பரில் விழுந்த அளவு வாக்கு விழுந்தால் ஐந்து வீதம் என்பது ஏறத்தாழ 18,500. பதினெண்ணாயிரம் பேர் நம்பிப் போட்ட ஒரு குழு வெறுங்கையோடு போகும். சங்கு ஒரு பட்டியல், தமிழரசின் வீடு ஒரு பட்டியல், கஜேந்திரகுமாரின் சைக்கிள் ஒரு பட்டியல், கோபித்துக்கொண்டவர்கள் எல்லாம் ஆளுக்கொரு சுயேச்சைக் குழு என்று போனால், நான்கில் ஒரு பங்கு வாக்கோடு யாரோ ஒருவர் போனஸைத் தட்டிக்கொண்டு போவார். அது யார் என்று ஊகிக்க என் பட்டம் தேவையில்லை. தம்பியின் மகனுக்கு இது நல்ல செய்தி. இவருக்கும் மச்சாளுக்கும் அல்ல. ஆனால் அவர்கள் இரண்டு பேரும் ஒருவரோடொருவர் கதைப்பதில்லையே!

ஆகவே ஒரு வேண்டுகோள். வேட்புமனு முடியுமுன், ஐந்து வீத வெட்டு, போனஸ் ஆசனம், மிச்ச வாக்குப் பிரிப்பு, கட்சிக்குப் புள்ளடி போட்டபின் வேட்பாளர்களின் இலக்கங்களுக்கு விருப்பு வாக்கு இடுவது ஆகியவற்றை ஓர் உதாரணக் கணக்கோடு முழுப் பக்கத்தில் போடுங்கள். போன தேர்தலின் யாழ். மாவட்ட முடிவையே உதாரணமாக எடுத்தால் சனத்துக்குச் சட்டென்று விளங்கும். கணக்குப் போட்டுத் தர நான் தயார், சம்பளம் வேண்டாம். இடம் இல்லை என்று சொல்லாதீர்கள். ஞாயிறு இதழின் இராசிபலன் இரண்டு பக்கம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுநிலைக் கணித ஆசிரியை,
கரவெட்டி.
27.09.2024