அரூப ஓவியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வேறு துறைகளில் பணியாற்றிய பின், அடையாளம் காணக்கூடிய உருவங்கள் இன்றி வண்ணத்தாலும் வடிவத்தாலும் மட்டுமே வரையும் அரூப ஓவியத்துக்கு வந்தவர்களின் கூட்டமைப்பான நமது சங்கத்தின் ஓராண்டுச் செயல்பாடுகளை இவ்வறிக்கையில் சமர்ப்பிக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார் என்பதால் அதற்குள் நான் நுழையவில்லை. 31 ஆண்டுகள் தணிக்கைப் பணியில் இருந்தவனுக்கு அந்தச் சபலம் இல்லாமலில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

இவ்வாண்டு ஐவர் புதிதாகச் சேர்ந்தனர், இருவர் விலகினர். "என்ன வரைந்திருக்கிறீர்கள் என்று வீட்டார் கேட்டால் பதில் சொல்ல முடியவில்லை" என்பதே விலகிய இருவரும் சொன்ன காரணம். இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. பணிக்காலம் முழுவதும் கேட்ட கேள்விக்கு உடனே விளக்கம் கொடுத்துப் பழகியவர்களுக்கு, விளக்கம் கேட்கப்படும் இடத்தில் வெறுங்கையோடு நிற்பது வண்ணம் கலப்பதைவிடக் கடினம். இவர்களை நாம் இன்னும் சற்றுப் பொறுமையோடு நடத்தியிருக்கலாம் என்பது என் கருத்து.

மாதாந்தரப் பேச்சுகளில் இவ்வாண்டு நமக்கு முன்னே இவ்வழியில் நடந்தவர்களைப் பற்றிப் பேசினோம். சட்டமும் பொருளியலும் படித்த ரஷ்ய ஓவியர் வசீலி காண்டின்ஸ்கி, 1896-இல் தம் முப்பதாம் வயதில், தேடிவந்த பேராசிரியர் பதவியை மறுத்துவிட்டு ஓவியம் கற்க மியூனிக் சென்றார். பொருளியல் பட்டதாரியான இந்திய ஓவியர் ராம்குமார் 1948-இல் வங்கி வேலையை விட்டார். 1960-இல் காசிக்குச் சென்று வந்தபின் அவருடைய படங்களிலிருந்து மனித உருவங்கள் மெல்ல விலகின. 2022-இல் மறைந்த அச்சுதன் கூடல்லூர் கட்டடப் பொறியியல் படித்தவர். பணியில் இருந்துகொண்டே ஓவியத்துக்கு வந்து, முதலில் உருவங்களை வரைந்து, பிறகுதான் அரூபத்துக்கு நகர்ந்தார். வாஷிங்டனில் 35 ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்து 1960-இல் ஓய்வுபெற்ற ஆல்மா தாமஸ், தம்மை அறியச் செய்த வண்ணப்பட்டைகளுக்கு அதன் பிறகே வந்து சேர்ந்தார். 1972-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி நடந்தபோது அவருக்கு வயது 80. காண்டின்ஸ்கி முப்பதில் தொடங்கியவர், அவரை நமக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லக்கூடாது என்று ஓர் உறுப்பினர் ஆட்சேபித்தார். நியாயமான ஆட்சேபம்தான்.

ஆண்டு முழுதும் பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்ப எழுந்த பிரச்சினை ஒன்றை விரிவாகக் குறிப்பிட வேண்டும். பழைய தொழில் ஓய்வு பெறுவதில்லை. அது கையில் உட்கார்ந்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்த கட்டடப் பொறியாளர் முதல் நாள் கித்தானில் தூரிகையை வைக்கும் முன் அளவுகோலும் பென்சிலும் கேட்டு வாங்கி, நான்கு பக்கமும் சம இடைவெளி விட்டுக் கட்டம் போட்டார். பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் கோடு தாண்டாமல் நிரப்பினார். எட்டு வாரங்கள் இப்படியே போயின. ஒன்பதாம் வாரம் அவர் ஒட்டியிருந்த மாஸ்கிங் டேப்பின் அடியில் நீலம் கசிந்து, பக்கத்துக் கட்டத்தின் மஞ்சளுக்குள் ஒரு விரற்கடை அளவு பச்சையாக ஓடியது. டேப்பின் விளிம்பில் நிறமற்ற அக்ரிலிக் ஊடகத்தை (நீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணத்தின் நிறமில்லாத பசை) ஒரு பூச்சு கொடுத்துவிட்டால் கசியாது என்று நான் சொல்ல வாயெடுத்தபோது, அவர் கையமர்த்தி அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் டேப்பை வேண்டுமென்றே தளர்வாக ஒட்டினார். கட்டங்களை அவர் கைவிடவில்லை. இன்றும் அவர் படத்தில் கட்டம் இருக்கிறது, ஆனால் அது ஒழுகுகிறது. பழைய தொழிலை மறந்துவிட்டு வாருங்கள் என்று புதியவர்களிடம் நாம் இதுவரை சொல்லிவந்ததை இனி நிறுத்திக்கொள்ளலாம்.

என் தவறையும் பதிவு செய்வது முறை. கணக்கு நேராகும்வரை கோப்பை மூடாத பழக்கத்தால், மூன்றாம் அமர்வில் நிறுத்தியிருக்க வேண்டிய படத்தைப் பதினோராம் அமர்வுவரை இழுத்தேன். எதிர் நிறங்களான சிவப்பும் பச்சையும் ஈரத்தில் மேலும் மேலும் கலந்து, கடைசியில் கித்தான் முழுதும் சேற்று நிறம்தான் மிஞ்சியது. ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் அப்போது சொன்ன யோசனையை இப்போது எல்லோரும் பின்பற்றுகிறோம்: ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் படத்தைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக எடுத்து முந்தையதோடு ஒப்பிடுவது. நிறத்தின் மயக்கம் விலகி, ஒளி இருள் வேறுபாடு கூடுகிறதா குறைகிறதா என்பது தெரிந்துவிடும். கித்தானைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பிப் பார்க்கும் வழக்கத்தையும் கொண்டுவந்தோம். தம் படமே பக்கவாட்டில் சாய்ந்திருந்தபோது தாமே அதை அடையாளம் காணாமல் வியந்து நின்றதாகக் காண்டின்ஸ்கி எழுதியிருப்பதைப் பேச்சில் கேட்ட பிறகு, அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

முன்னாள் வேதியியல் ஆசிரியை நடத்திய, வண்ணப் பொருள்கள் பற்றிய பயிற்சி இவ்வாண்டின் மிகப் பயனுள்ள நிகழ்வு. அக்ரிலிக்கில் நீர் ஆவியாவதால் மெல்லிய பூச்சு நிமிடங்களில் உலர்கிறது. எண்ணெய் வண்ணமோ காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்தே இறுகுவதால் நாட்கணக்கு, தடித்த பூச்சாக இருந்தால் மாதக்கணக்கு ஆகிறது. எனவே அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வண்ணம் பூசலாம், எண்ணெயின் மேல் அக்ரிலிக் பூசக்கூடாது; எண்ணெய்ப் பூச்சுகளுக்குள்ளும் எண்ணெய்ச் செறிவு கூடியது மேலே வரவேண்டும், மாறினால் மேற்பூச்சில் விரிசல் விழும். பழைய அலிசரின் சிவப்பு வெளிச்சத்தில் மங்கிவிடும் என்று அவர் சொன்ன அன்று, அதில் குழாய் குழாயாக வாங்கி வைத்திருந்த இருவரின் முகம் பார்க்கத்தக்கதாக இருந்தது.

அந்த வகுப்புக்கு நாம் சற்றே தாமதமாக ஏற்பாடு செய்துவிட்டோம். அதற்கு இரு வாரங்களுக்கு முன், ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைப் பந்தாகச் சுருட்டிக் காகிதக் கூடையில் போட்டுவிட்டுப் போயிருந்தோம். மாலையில் மறந்த கண்ணாடியை எடுக்க வந்த ஓர் உறுப்பினர் கூடை சுடுவதையும் மெல்லிய புகை எழுவதையும் கண்டு அதை வெளியே கொண்டுபோய் நீரில் அமிழ்த்தினார். அந்த எண்ணெய் உலரும்போதே வெப்பம் வெளியிடும், சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் தேங்கித் தானே தீப்பிடிக்கலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பொறுப்பு செயலாளர் என்ற முறையில் என்னுடையது. இப்போது நீர் நிரப்பிய மூடியுள்ள உலோக வாளி வைக்கப்பட்டுள்ளது.

ஆண்டுக் கண்காட்சி வழக்கம்போல் நடந்தது. படங்களுக்குத் தலைப்பு வேண்டுமா, எண் போதுமா என்ற விவாதம் மூன்று செயற்குழுக் கூட்டங்களை விழுங்கி, அவரவர் விருப்பம் என்று முடிந்தது. விலகிய இருவரில் ஒருவர் கண்காட்சிக்கு வந்து, கட்டங்கள் ஒழுகும் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். அவரை மீண்டும் அழைக்கக் கடிதம் எழுதியுள்ளேன். பதில் இன்னும் வரவில்லை.

வரும் ஆண்டில் தொடக்கநிலையினருக்குத் தனி வகுப்பு நாளும், எண்ணெய் வண்ணத்தில் பணிபுரிவோருக்கு ஜன்னலோர இடமும் ஒதுக்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். இடம் கொடுத்தவர்களுக்கும், வகுப்பெடுத்தவர்களுக்கும், அந்த மாலையில் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனவருக்கும் சங்கத்தின் நன்றி.

இங்ஙனம்,
செயலாளர்